கேப்டன் போனை வைத்த பௌர்ணமி

நேயர் கருத்துகளைப் படிப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் படித்தால் எல்லாமே உண்மை மாதிரித் தெரியும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டவற்றில் இது ஒன்றுதான் எல்லாருக்கும் பயன்படும்; மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒலி நாடகம் செய்ய வந்திருக்கும் உங்களுக்கு இதற்குள் யாராவது பாடம் எடுத்திருப்பார்கள். நேயர்தான் எஜமானர், அவர் சொல்வதே வேதம் என்று சொல்லியிருப்பார்கள். நான் அதை வேலையில் இருந்தபோது ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதற்காக இப்போது ஒத்துக்கொள்ளப் போவதும் இல்லை. நேயர் நம் எஜமானர் இல்லை, எதிரியும் இல்லை. பக்கத்து சீட்டில் வரும் பயணி. வண்டி குலுங்குகிறது என்று அவர் சொன்னால் அது கட்டாயம் குலுங்குகிறது. ஆனால் எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு நடிகையின் பிழைப்பு போகவிருந்த நேரத்தில் தெரிந்துகொண்டது.

எங்கள் ஸ்டூடியோ வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கிரிவலம் வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு நடப்பதற்காகப் பக்திக் கதைகளைப் பதிவு செய்யலாம் என்று சென்னை நிறுவனம் ஒன்று அதைத் திறந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு புதிய கதை செயலியில் ஏறும். மலையைச் சுற்றி முடிப்பதற்குள் கதையும் முடிந்துவிடும். பல வருடங்கள் நானும் அடியார்களையும் அற்புதங்களையும் வைத்து வண்டியை ஓட்டினேன். ஒரு கட்டத்தில் எழுதுகிற எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு மட்டும் அலுக்காமலா இருக்கும் என்று துணிந்து, பௌர்ணமிக்கு ஒரு பாகமாக வருகிற ஒரு விண்வெளிக் கதையை எழுதினேன்.

பெயர் ‘வளையத்துத் தண்ணீர்.’ பூமியில் தண்ணீர் வற்றிவிட்டது. சனிக்கோளின் வளையங்களில் மிதக்கும் பனிக்கட்டியை அள்ளிவர ஒரு கலம் போகிறது. கலத்தை ஓட்டுபவள் கேப்டன் மாதவி. சுற்றி வளைக்காமல் சொன்னால், அவள் ஒரு தண்ணி லாரி டிரைவர். கோடையில் தண்ணி லாரி சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடியிருக்கும் யாருக்கும் இந்தக் கதை புரியும் என்பது என் கணக்கு.

மாதவிக்குக் குரல் கொடுத்தவர் சுமதி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் குரலைக் கேட்காதவர் இந்த ஊரில் இல்லை. ஜவுளிக்கடை விளம்பர ஆட்டோக்களில் ‘ஆடித் தள்ளுபடி, வாங்க வாங்க’ என்று தெருத்தெருவாகப் போனது அவர் குரல்தான். தேரடித் தெரு நெரிசலில் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு நின்றேன். ஹார்ன், மேளம், பஸ் கண்டக்டர் விசில் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் தனியாக வந்தது, ஆனால் கத்தவில்லை. நெருக்கடியில் கத்தாத குரல்தான் கேப்டனுக்கு வேண்டும் என்று தேடிப்போய் அழைத்து வந்தேன். சுமதி விளம்பர வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எங்களிடம் வந்தார். அந்தக் கடை உடனே வேறொரு குரலைப் பிடித்துக்கொண்டது. அவருக்குத் திரும்பிப் போக இடம் இல்லை.

சென்னையிலிருந்த எங்கள் மேலாளர் பிரதியைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். பூமியில் உட்கார்ந்து கேப்டனுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வேண்டுமாம்.

“லேடி கேரக்டர் தனியா போனா ஆடியன்ஸுக்கு ஒரு தெம்பு இருக்காது மேடம். கீழேர்ந்து ஒரு ஆம்பளக் குரல் வரட்டும்” என்றார்.

கம்பீரமான குரல் கொண்ட நடிகர் ஒருவரையும் அவரே அனுப்பி வைத்தார். நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். கலம் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மாதவி அனுமதி கேட்பாள், அவர் கொடுப்பார். நிறுத்த வேண்டுமென்றாலும் கேட்பாள், அதையும் கொடுப்பார்.

முதல் பாகம் ஏறிய மறுநாள் காலை கருத்துகள் வரத் தொடங்கின. எங்கள் ஒலிப்பதிவாளர் தினகரன் அவற்றைச் சத்தமாகப் படித்தான்.

‘ஆடித் தள்ளுபடி அக்கா ராக்கெட்ல போயிட்டாங்களா?’

‘சனி வாங்கினா செவ்வாய் இலவசம்.’

‘சாமி கதை போடற எடத்துல இன்னாத்துக்கு ராக்கெட்டு? அதுவும் சனி பேர வெச்சா வெளங்குமா?’

‘விண்வெளிக்குப் போற கேப்டன் “இன்னா”னு பேசுவாளா? படிச்சவங்கள வெச்சுப் பேச வைங்க.’

செவ்வாய் இலவசத்துக்கு நானும் சிரித்தேன். இரண்டாவது பாகத்துக்கு வந்தவற்றைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அதே கிண்டல், அதிலும் ஜாஸ்தி. சுமதியின் பேச்சையும் ஊரையும் படிப்பையும் இழுத்து எழுதியிருந்தார்கள். நாடகம் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. பாதிப் பேர் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

சென்னைக்கு அப்படிப் படவில்லை. அவர்கள் கருத்துகளை வகை பிரிப்பார்கள்: குரல், கதை, இசை, மற்றவை. எந்த வகை நிரம்புகிறதோ அதை மாற்றிவிட வேண்டும். மளிகைக் கடையில் எந்த டப்பா காலியோ அதை நிரப்புகிற மாதிரி சுலபமான வேலை. குரல் வகை நிரம்பி வழிந்தது.

“வாய்ஸ மாத்திடுங்க. மூணாவது பாகம் ரெடியாயிட்டதால அது போகட்டும். நாலாவதுலேர்ந்து புதுக் குரல். பழைய பாகத்தையும் அதுலயே டப் பண்ணிடலாம். இங்க ஒரு பொண்ணு ரெடியா இருக்கு” என்றார் மேலாளர்.

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் பேசியது ஸ்பீக்கரில் வந்தது. சுமதி கதவருகே டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் அழவில்லை. டம்ளரை வைத்துவிட்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். “நான் மாத்திக்கறேன் மேடம். நியூஸ் வாசிக்கற மாதிரி பேசறேன். ஒருவாட்டி எடுத்துப் பாருங்க” என்றார்.

எடுத்தோம். ‘கலம் இப்பொழுது ஆபத்தான பகுதிக்குள் நுழைகின்றது’ என்று ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தினகரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பேங்க்லேர்ந்து லோன் வேணுமானு கேக்கற மாதிரி இருக்கு” என்றான்.

சுமதியே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் இறுகிவிட்டது. “என்ன கிண்டல் பண்றாங்களே மேடம், இவங்க எல்லாரும் என் குரல நம்பித்தான் கடைக்கு வந்து பொடவ எடுத்தாங்க. அப்ப மட்டும் இனிச்சுதா?”

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. அப்போது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். தொழிலில் இரக்கத்தைவிடக் கோபம் சில நேரம் நல்ல யோசனை கொடுக்கும். மூன்றாவது பாகம் ஏறுகிற பௌர்ணமி அன்று நான் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. செருப்பை வீட்டில் விட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிரிவலப் பாதையில் இறங்கினேன்.

பாதையில் இறங்கியதும் ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை வருடமாக எதிரே இருந்தும் எங்களில் யாருக்கும் படாதது. காதில் மாட்டிக்கொண்டு நடக்கிற யாரும் போனைத் தொடவில்லை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் பூஜைப் பை அல்லது குழந்தையின் கை. கால் கல்லைப் பார்த்து நடக்கிறது, வாய் நாமம் சொல்கிறது. இவர்கள் எங்கே நின்று கருத்து எழுதுவார்கள்? வீட்டுக்குப் போனதும் கால் வலியில் படுத்துவிடுவார்கள். நாங்கள் நடக்கிறவர்களுக்காக நாடகம் செய்துவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். கிரிவல ஊரில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு நாங்கள் செய்த காரியம் இது.

பக்கத்தில் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். பெரும்பாலோர் காதில் பக்திப் பாட்டு. எங்கள் நாடகத்தைக் கேட்ட சிலர் ‘நல்லாருக்குங்க’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் பாராட்டை நம்பாதீர்கள். அது மரியாதை, கருத்து இல்லை.

அடி அண்ணாமலை தாண்டி ஒரு டீக்கடையில் ஒரு தம்பதியைப் பார்த்தேன். ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காதாக மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கணவர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மனைவி செங்கம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். இப்போது இரண்டு பக்கமும் கணவர் காதிலேயே இருந்தது. நான் யாரென்று சொல்லாமல், என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன்.

“ஏதோ தண்ணி லாரிக் கதைங்க. சனிக்குப் போறாங்க” என்றார் கணவர். “கத பரவால்ல. ஆனா சனிலேர்ந்து பேசினா கீழ வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். பதில் வர இன்னும் ஒரு மணி நேரம். இவங்க என்னடான்னா பக்கத்து வூட்டுக்காரங்க மாதிரி பேசிக்கறாங்க. என் கிளாஸ்ல உக்காந்திருக்கறவன்கூட சிரிப்பான்.”

“நீங்க பாதியிலேயே கழட்டிட்டீங்களே, பிடிக்கலையா?” என்று மனைவியைக் கேட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். “ஒண்ணு சொல்றேங்க. கப்பல ஓட்டறது அந்தம்மா. எதிர்ல பாறை வருது, அது அவங்க கண்ணுக்குத்தான் தெரியுது. அப்பயும் கீழ உக்காந்திருக்கறவருகிட்ட, திரும்பட்டுமா சார்னு கேக்கறாங்க. அவரு யோசிச்சு சரின்றாரு. எனக்கு அங்கதான் பத்திக்கினு வந்துச்சு. என் கடையில ஒரு ஜாக்கெட் வெட்டறதுக்கு நான் யாரையும் கேக்க மாட்டேன். கழட்டி இவரு கையில குடுத்துட்டேன்.”

“குரல்? அந்தம்மா குரல் எப்படி?”

“ஜவுளிக்கட அம்மாதான?” என்றார் கணவர். “மொத தடவ சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அந்தப் பாறை வந்துச்சில்ல, மறந்தே போச்சு.”

நான் கேட்டதே மனைவிக்கு விளங்கவில்லை. “குரலுக்கு இன்னா?” என்று திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மீதி வழியைத் தனியாக நடந்தேன். நிலா மலைக்கு மேலே வந்திருந்தது. ஆசிரியர் சொன்னதும் தையல்காரர் சொன்னதும் ஒரே ஆளைப் பற்றி. அது சுமதி இல்லை. தெம்புக்காகச் சென்னை சேர்த்த அதிகாரி. வண்டி குலுங்கியது நிஜம்தான். கழற்றச் சொன்ன நட்டுதான் தப்பு. பேசத் தெரியாதவள் என்று ஊர் கிண்டல் செய்தது அந்தக் குரலை இல்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் அனுமதி கேட்டு நிற்கிற ஒரு கேப்டனை. கிண்டல் செய்தவர்களுக்கே அது தெரியாது. கையில் அகப்பட்டது குரல், அதைப் பிடித்து ஆட்டினார்கள்.

நாலாவது பாகத்தைப் புதிதாக எழுதினேன். கலம் வளையங்களுக்குள் மாட்டிக்கொள்கிறது, எதிரே ஒரு பாறை வருகிறது. பூமிக்கு அனுப்பிய கேள்விக்கு உண்மையில் எத்தனை நேரத்தில் பதில் வருமோ அத்தனை நேரம் ஆகிறது. பதில் வந்து சேர்கிறபோது பாறை கடந்து போய்விட்டது, ஒரு தொட்டி உடைந்து பாதித் தண்ணீரும் போய்விட்டது. அதிகாரி அடுத்த உத்தரவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் மாதவிக்கு நீளமான, ஆவேசமான வசனம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன்.

பதிவின்போது சுமதி அதைப் படித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவ்ளோ பேசணுமா மேடம்? எங்க ஊருல கோவம் வந்தா இவ்ளோ பேச மாட்டோம்.”

“எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க” என்றேன்.

அவர் தாளை மைக்கிலிருந்து தள்ளி வைத்தார். தினகரன் அதிகாரியின் குரலை ஓடவிட்டான். அவர் பேச்சின் நடுவில், கத்தாமல், குரலைக்கூட உயர்த்தாமல் சுமதி சொன்னார்:

“நீங்க கீழ இருக்கீங்க சார். எனக்குத்தான் தெரியுது. வெக்கறேன்.”

தொடர்பு அறுகிற சத்தத்தைத் தினகரன் பிறகு சேர்த்தான். அன்றைக்கு அறையில் சேர்க்காமலே கேட்டது. அவர் மரியாதையைக் குறைக்கவில்லை, பாருங்கள். ‘சார்’ என்றுதான் சொன்னார். ‘இருக்கீங்க’ என்றுதான் சொன்னார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தால் மரியாதை ஜாஸ்தியாகும். படித்தவர்களை வைத்துப் பேச வையுங்கள் என்று எழுதியவருக்கு அது எங்கே தெரியப் போகிறது.

பாகத்தின் கடைசியில் சுமதியை வைத்தே ஒரு வரி சேர்த்தேன்: எழுத வேண்டாம், நடந்துகொண்டே பேசி அனுப்புங்கள் என்று ஸ்டூடியோ வாட்ஸப் எண்ணைச் சொல்ல வைத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. செயலியில் ஏற்றும் வேலை இங்கேதான் நடக்கும். ஆனால் சென்னையிலிருந்து ‘சரி, போடுங்க’ என்று போன் வந்த பிறகுதான் ஏற்றுவோம். அப்படி எந்த விதியும் இல்லை. யாரோ ஆரம்பித்தார்கள், எல்லாரும் செய்தோம். பௌர்ணமி அன்று மத்தியானம் போன் வந்தது.

“புதுக் குரல்ல தானே போகுது?” என்றார் மேலாளர்.

“இல்லீங்க. சுமதிதான்.”

“நிறுத்துங்க மேடம். நான் கேக்காம எதுவும் ஏறக் கூடாது. கமெண்ட்ஸ நீங்க படிக்கலையா?”

தினகரன் கை கம்ப்யூட்டர் மவுஸ்மேல் இருந்தது. சுமதி அறையின் மூலையில், ஊருக்குத் திரும்பத் தயாராகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போகுமா என்று எனக்கும் பயம் இருந்தது. பயமே இல்லாமல் துணிந்தேன் என்று சொன்னால் அது கதை. ஆனால் ஒரு மாதமாக அந்தக் கேப்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, என் முறை வரும்போது ‘திரும்பட்டுமா சார்’ என்று கேட்டால் எனக்கே பத்திக்கொண்டு வரும்.

“நீங்க அங்க இருக்கீங்க சார்” என்றேன். “கேக்கறவங்க இங்க நடக்கறாங்க. வெக்கறேன்.”

வைத்தேன். தினகரன் ஒன்றும் கேட்காமல் ஏற்றினான். சுமதி பையைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரமே என்னை அந்த நாடகத்திலிருந்து எடுத்தார்கள். மறுபடி அடியார்கள், அற்புதங்கள். ஓய்வு பெறும்வரை அதுதான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் எழுதிய அடியார்களும் அதற்குப் பிறகு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கிண்டல் நின்றுவிடவில்லை, இன்றைக்கும் யாராவது செவ்வாயை இலவசமாகக் கேட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் குரலை மாற்றும் பேச்சு மட்டும் அதோடு நின்றது. அந்தக் காரியத்தைச் செய்தது நான் இல்லை. அன்று சாயங்காலத்திலிருந்து ஸ்டூடியோ போனில் வந்து குவிந்த குரல் பதிவுகள். மூச்சு வாங்கிக்கொண்டே, நடுவில் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ கேட்க, குழந்தையை அதட்டிக்கொண்டே பேசினார்கள். கேப்டன் பிழைப்பாளா என்று கேட்டார்கள். மிச்சத் தண்ணீர் எத்தனை ஊருக்குக் காணும் என்று சண்டை போட்டார்கள். நாடகம் இழுக்கிறது என்று திட்டினார்கள். சென்னை அவற்றை வகை பிரிக்க முயன்றது, முடியவில்லை. கேப்டனைக் கேட்டு வந்தவர்களிடம் வேறு கேப்டனைக் கொடுக்கவும் அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. சுமதி கலத்தைக் கடைசிப் பாகம்வரை ஓட்டினார், பாதித் தண்ணீரோடு பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

எனவே பிள்ளைகளே, கருத்துகளைப் படியுங்கள். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். வராத கருத்து எங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பிறகு உங்களுக்குத் தெரிகிற பாறைக்கு நீங்களே திரும்புங்கள்.

அன்றைக்கு வந்த பதிவுகளில் ஒன்றைத் தினகரன் என் போனுக்கு அனுப்பினான். இன்னும் வைத்திருக்கிறேன். பெண் குரல். யாரென்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

“அந்தம்மா போன வெச்சாங்களே, அத இவருதாங்க மொதல்ல கேட்டாரு. கேட்டுட்டு அப்படியே நின்னுட்டாரு. இன்னானு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. ரெண்டையும் புடுங்கி நானே மாட்டிக்கினேன். இப்ப இவரு சும்மா கூட நடந்து வராரு.”